குழாயின் பன்னிரண்டு மணி

திரையில் தெரிவது ஒரு குழாயின் உட்கூரை. நான்கு அங்குலக் குழாய்க்குள் செருகியிருக்கும் சிறு கேமரா அதைக் காட்டிக்கொண்டிருக்கிறது. சாம்பல் நிற எஃகில் நீர்த்துளிகள் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு துளி பக்கத்துத் துளியைச் சேர்த்துக்கொண்டு பெருக்கிறது. உள்ளே வீசும் வாயுவின் இழுப்பில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, சற்று நகர்கிறது, கழன்று விழுகிறது. அது இருந்த இடத்தில் சற்று நேரம் வெறும் எஃகு தெரிகிறது. அடுத்து அங்கேயே ஊசிமுனை அளவில் புதுத் துளிகள் அரும்புகின்றன.

“இப்ப வெறுமையா இருந்துச்சே, அந்த இடத்தைத்தான் சார் கவனிக்கணும்” என்றார் என்னை அழைத்துச் சென்ற ஆராய்ச்சி மாணவி. “விழுந்த துளி கரைச்ச இரும்பையும் சேர்த்துக் கொண்டு போயிடுச்சு. புதுசா வர்ற துளியில இரும்பே கிடையாது. மறுபடி முதல்லேர்ந்து கரைக்க ஆரம்பிக்கும்.”

இது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கே, அப்பலாச்சிய மலையடிவாரக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் ஏதென்ஸ் என்ற சிறு நகரம். 1804இல் தொடங்கிய ஒஹாயோ பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்கப் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் இங்கே, பல்கலைக்கழகத்தின் அரிப்பு ஆய்வு நிலையத்தில், கடலடிக் குழாய்களுக்குள் நடப்பதை ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறார்கள். செலவின் பெரும்பகுதியை உலகின் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் கூட்டாக ஏற்கின்றன. மாணவி காரைக்குடி சிக்ரியில் பி.டெக். முடித்தவர். அரிப்பு என்ற துறையை முதலில் அங்கேதான் கற்றதாகச் சொன்னார். 1953 முதல் மின்வேதியியலுக்கென்றே இயங்கிவரும் அந்த ஆய்வு நிலையத்திலிருந்து வந்தவருக்கு ஏதென்ஸ் பொருத்தமான அடுத்த ஊர்தான்.

பாதுகாப்புக் கண்ணாடியும் தலைக்கவசமும் கொடுத்தார்கள். கூடம் முழுக்க மின்விசிறியின் இரைச்சல். பேச வேண்டுமானால் காதருகே வர வேண்டும்.

எதற்காக இத்தனை ஏற்பாடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியிலிருக்கும் கிணற்றிலிருந்து இயற்கை எரிவாயு சூடாக மேலே வருகிறது. பல எரிவாயு வயல்களில் 80, 90 டிகிரி செல்சியஸ் இருக்கும். கூடவே நீராவியும் கரியமில வாயுவும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் வரும். கடல்மேடையிலேயே வாயுவைக் காயவைத்து அனுப்பினால் வம்பே இல்லை. ஆனால் அதற்குரிய இயந்திரங்களைக் கடலுக்கு நடுவே நிறுவுவது பெரும் செலவு. ஆகவே பல வயல்களில் வாயுவை ஈரத்தோடு அப்படியே குழாயில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெளியே கடல்நீர் குளிர்ந்திருக்கிறது. இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் நடப்பதுதான் குழாயின் உட்கூரையிலும் நடக்கிறது. நீராவி சுவரில் பட்டு நீராகிறது.

அப்படித் திரண்ட நீரில் உப்பும் கிடையாது, காரமும் கிடையாது. கரியமில வாயு அதில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அசிட்டிக் அமிலமும் சேர்ந்தால் பி.எச். 4க்கும் கீழே இறங்கிவிடும். சாதாரணக் கார்பன் எஃகுக்கு அது போதும்.

குழாயின் அடிப்பகுதியிலும் திரவம் ஓடத்தான் செய்கிறது. அங்கே அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். இந்தத் துறையில் அதை ‘இன்ஹிபிட்டர்’ என்பார்கள். அது எஃகின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு காக்கும். ஆனால் அந்த மருந்து ஆவியாகாது. வாயு மெதுவாகப் போகும் குழாயில் திரவம் அடியோடு அடியாக ஓடும், மேற்கூரையை நனைக்கவே நனைக்காது. அடிப்பகுதிக்கு மருந்து கிடைக்கிறது, உச்சிக்குக் கிடைப்பதில்லை. குழாய்க்காரர்கள் குழாயின் குறுக்குவெட்டைக் கடிகார முகமாக வைத்துப் பேசுவது வழக்கம். அடிப்பக்கம் ஆறு மணி, உச்சி பன்னிரண்டு மணி. இந்த அரிப்பு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையிலேயே வரும். ‘டாப் ஆஃப் லைன்’ அரிப்பு என்று அதற்குப் பெயர். கூடத்தில் எல்லாரும் சுருக்கமாக டி.எல்.சி. என்றார்கள்.

பிரான்சின் தென்மேற்கில் உள்ள லாக் எரிவாயு வயலில் 1960களிலேயே இது தலைகாட்டியது. ஆனால் துறை முழுவதையும் நிமிரவைத்தது இந்தோனேசியாவின் மகாகம் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள துனு வயல். கிழக்குக் கலிமந்தானின் சேற்றுக் கழிமுகம் அது. குழாய்கள் சேற்றில் புதைந்தும், வாய்க்கால்களையும் ஆற்றுக் கிளைகளையும் கடந்தும் போகின்றன. 1990களில் அங்கே குழாய்களைச் சோதித்தபோது உச்சியில் அரிப்பு தெரியவந்தது. அது எங்கே வந்திருந்தது என்பதுதான் முக்கியம். சேற்றில் புதைந்த பகுதிகள் அநேகமாக நன்றாகவே இருந்தன. ஓடும் ஆற்றுநீர் குழாயை நேரடியாகத் தொட்ட இடங்களில்தான் எஃகு அரித்திருந்தது. சேறு ஒரு போர்வை. போர்வை விலகிய இடத்தில் சுவர் குளிர்ந்திருக்கிறது, நீர் அதிகம் திரண்டிருக்கிறது. பிறகு தாய்லாந்து வளைகுடாவின் குழாய்களிலும் இதே அரிப்பு கண்டுபிடிக்கப்பட்டது.

இப்போது கூடத்துக்கு வருவோம். ஒரு மூலையில் பெரிய தொட்டி. அதற்குள் மின்சூடேற்றிகள், நீர், அளந்து சேர்த்த அசிட்டிக் அமிலம். சோதனை தொடங்குவதற்கு முன் கரியமில வாயுவை நெடுநேரம் குமிழவிட்டு ஆக்சிஜனைத் துரத்திவிடுகிறார்கள். கடலடிக் குழாய்க்குள் ஆக்சிஜன் கிடையாது என்பதால் இங்கும் இருக்கக்கூடாது. கொஞ்சம் புகுந்தாலும் வேறு வகை அரிப்பு தொடங்கி, வாரக்கணக்கான உழைப்பு வீணாகும். தொட்டியின் மேலே நிற்கும் ஈரமான வாயுவை ஊதுவிசிறி இழுத்துக் குழாயில் தள்ளுகிறது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய் கூடத்தின் நீளத்துக்குப் போய், வளைந்து திரும்பி, தொட்டிக்கே வந்து சேர்கிறது. ‘ஃப்ளோ லூப்’ என்கிறார்கள்.

நடுவே ஒரு பகுதிதான் சோதனைப் பகுதி. அதன் வெளிப்புறத்தில் குளிர்நீர் சுற்றி ஓடுகிறது, அதுதான் இங்கே கடல். குழாயின் உச்சியில் துளையிட்டு, வட்டமான சிறு எஃகு வில்லைகளை உட்சுவரோடு மட்டமாக நிற்கும்படி பொருத்தியிருக்கிறார்கள். அவற்றைக் ‘கூப்பான்’ என்கிறார்கள். உண்மையான குழாய்க்குப் பயன்படும் எக்ஸ்65 வகை எஃகிலிருந்தே அவற்றை வெட்டி எடுக்கிறார்கள். சற்றுத் தள்ளி, திரண்ட நீர் மட்டும் வடிந்து வர ஒரு சிறு வால்வு. மாணவி அளவுகுழல் ஒன்றைப் பிடித்து வால்வைத் திறந்தார். தெளிந்த நீர். குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நேரத்தையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதினார்.

“இந்தத் தண்ணிதான் சார் எல்லாம். இதோட அளவு சரியா தெரிஞ்சா அரிப்புக் கணக்குல பாதி முடிஞ்ச மாதிரி.”

அரிப்பு என்றால் வேதியியல் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். இங்கே முதலில் வெப்பக் கணக்கு நிற்கிறது. காரணம் எளிது. துளி மிகச் சிறியது. கொஞ்சம் இரும்பு கரைந்தாலே அது நிறைந்துவிடும். நிறைந்த பிறகு கரைந்த இரும்பு, கார்பனேட்டாகி எஃகின் மேலேயே படலமாகப் படியும். அந்தப் படலம் எஃகைக் காக்கும். துளியின் அமிலத்தன்மையும் குறையும். துளி அப்படியே நின்றுவிட்டால் அரிப்பும் ஏறத்தாழ நின்றுவிடும். துளி விழுந்து புதுத்துளி வருவதால்தான் அரிப்பு தொடர்கிறது. அப்படியானால் எஃகு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை, புதுநீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கூடத்தின் வெள்ளைப் பலகையில் மாணவி இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்கு 0.25 கிராம் நீர் திரள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள், ஆக 21.6 லிட்டர். ஒரு லிட்டர் நீர் 100 மில்லிகிராம் இரும்பைக் கரைத்துக்கொண்டு விழுகிறது என்றால், நாளொன்றுக்கு 2.16 கிராம் இரும்பு போகிறது. ஓராண்டுக்கு ஏறத்தாழ 790 கிராம். எஃகின் அடர்த்தியால் வகுத்து, ஒரு சதுர மீட்டரில் பரப்பிப் பார்த்தால் ஆண்டுக்கு 0.1 மி.மீ. தடிமன் குறைகிறது. 25 ஆண்டுக்கு 2.5 மி.மீ. குழாயை வடிவமைக்கும்போதே அரிப்புக்கென்று கூடுதலாகச் சில மி.மீ. தடிமன் விடுவது வழக்கம். அதற்குள் இது அடங்கிவிடுகிறது. நீர் நான்கு மடங்கு வேகமாகத் திரண்டால் அடங்காது. 

நொடிக்கு 0.25 கிராம் என்ற எண்ணை அவர் சும்மா எடுக்கவில்லை. கரியமில வாயு உள்ள, ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லாத குழாய்களுக்கு இதைத்தான் துறையில் நெடுங்காலமாக எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் கவலை குறைவு, மேலே போனால் எச்சரிக்கை. அசிட்டிக் அமிலம் கூடினால் ஒரு லிட்டர் நீர் சுமக்கக்கூடிய இரும்பும் கூடும், கோடும் கீழே இறங்கும்.

இந்தக் கணிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1975இல் ஷெல் நிறுவனத்தின் டி வார்டும் மில்லியம்ஸும் கரியமில வாயு அரிப்புக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். உலகமே அதைப் பயன்படுத்தியது. அது முழுவதும் நீரில் மூழ்கிய எஃகுக்கானது. பின்னால் வந்த திருத்தத்தில், நீர் குறைவாகத் திரளும் இடத்தில் கிடைக்கும் எண்ணைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கைக்கணக்குக்கு வசதிதான். ஆனால் காரணத்தை அது தொடவில்லை. 1991இல் நார்வேயின் ஓல்சனும் டுக்ஸ்டாடும், கார்பனேட் படலம் உருவாவதும் புதுநீர் வருவதும் போட்டி போடுவதைச் சோதனையில் காட்டினார்கள். 2000இல் ஷெல்லின் பாட்ஸும் ஹென்ட்ரிக்சனும், மேலே பலகையில் பார்த்தது போன்ற இரும்புக் கணக்கையே மாதிரியாக்கினார்கள். ஏதென்ஸில் இந்த நிலையத்தின் நெசிச் குழு 2007இல் வெளியிட்ட மாதிரி மூன்றையும் ஒன்றாகப் பின்னியது: துளி எப்படித் திரள்கிறது, அதற்குள் வேதியியல் என்னாகிறது, எஃகு எவ்வளவு கரைகிறது. துளி எந்த அளவுக்கு வளர்ந்தால் கழன்று விழும் என்பதுகூட அதில் கணக்காகிறது. கேமராவைக் குழாய்க்குள் செருகியிருப்பது இதற்காகத்தான்.

பக்கத்து அறைக்குப் போனோம். வெளியே எடுத்த கூப்பான்கள் அங்கே மேசைமேல் இருந்தன. ஒரு சோதனை இரண்டு மூன்று வாரம் ஓடும். ஓரிரு நாளில் முடித்தால் தொடக்கத்து வேகமான அரிப்பு மட்டுமே தெரியும், படலம் உருவான பிறகு நடப்பது தெரியாது. மாணவி ஒரு வில்லையை இடுக்கியில் பிடித்து உருப்பெருக்கியின் கீழே வைத்தார். கருஞ்சாம்பல் படலம். அதைக் கூர்ந்து பார்த்தால் விளிம்புகள் தெளிவான சின்னஞ்சிறு படிகங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. அதுதான் இரும்புக் கார்பனேட். படிகங்கள் இடைவெளியில்லாமல் நிற்கும்வரை அடியிலுள்ள எஃகுக்குப் பயமில்லை.

இன்னொரு வில்லையில் படலத்தை அமிலக் கரைசலால் கழுவி எடுத்துவிட்டிருந்தார்கள். எடை போடுவதற்கு முன் இப்படிக் கழுவ வேண்டும். கழுவிய எஃகின் பெரும்பகுதியில் மெருகேற்றிய கோடுகள் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. ஒரு ஓரத்தில் மட்டும் எஃகு பள்ளமாக இறங்கியிருந்தது. சுவர் செங்குத்து, அடி தட்டை. விளிம்பை நகத்தால் உணர முடிந்தது.

“மீசா” என்றார். “படலம் ஒரு இடத்துல உடைஞ்சா அங்க மட்டும் கீழே இறங்கிட்டே போகும். எடையை வச்சுப் பார்த்தா இந்தக் கூப்பான் நல்ல கூப்பான் சார். மொத்த எடை இழப்பு ரொம்ப கம்மி.”

அந்த வில்லையைப் பார்த்தபின் சராசரி என்ற சொல்லின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. குழாய் வெடிப்பது சராசரியால் அல்ல. ஒரே ஒரு இடத்தில் சுவர் மெலிந்தால் போதும். எடை இழப்பிலிருந்து வரும் சீரான அரிப்பு வேகத்தை இன்றைய மாதிரிகள் நன்றாகவே சொல்கின்றன. படலம் எப்போது, எங்கே உடையும், உடைந்த இடம் தானே ஆறுமா அல்லது குழியாகுமா என்பதில்தான் ஆய்வு இன்னும் நடக்கிறது. வில்லையில் தெரிந்த அந்த ஓரம்தான் இந்தத் துறையின் கடினமான பகுதி.

சிறு பரப்பில் பார்த்த இதே கதை, கிலோமீட்டர் கணக்கிலும் உண்டு. கணினி அறையில் ஒரு கற்பனைக் குழாயை வைத்து அதைக் காட்டினார்கள். கிடைமட்டத்தில் மேடையிலிருந்து தூரம். செங்குத்தில் நீர் திரளும் வேகம். கோடு இடது பக்கம் உயரத்தில் தொடங்கிச் சரிந்து, சில கிலோமீட்டரில் தரையைத் தொடுகிறது. 80 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் இருப்பதைப் போல இருபது மடங்கு. அதனால் முதல் சில கிலோமீட்டரிலேயே நீரின் பெரும்பகுதி கொட்டிவிடுகிறது. ஆபத்தும் அங்கேதான். குழாய் நூறு கிலோமீட்டர் நீளமானாலும் மீதிக்கு இந்தக் கவலை குறைவு.

அந்த முதல் பகுதிக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. துருப்பிடிக்காத உலோகக் கலவையால் உட்புறம் பூசிய குழாயைப் போடலாம், விலை கூடும். வெளியே வெப்பக்காப்பு போடலாம். குழாய்க்குள் போகுமுன்பே வாயுவைக் குளிர்வித்து நீரைப் பிரித்துவிடலாம். நார்வேயின் ஒர்மென் லாங்கே எரிவாயு வயலிலிருந்து 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நியூஹாம்னா கரைக்கு வரும் குழாய்களைப்போல, ‘கிளைக்கால்’ என்ற திரவத்தைச் சேர்த்தும் அனுப்பலாம். கடலடி அங்கே பூஜ்யத்துக்கும் கீழே இருப்பதால் வாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்து குழாயை அடைக்காமலிருக்க அதைச் சேர்க்கிறார்கள். அது நீராவியின் அளவையும் குறைக்கிறது. ஏற்கெனவே போட்ட குழாய் என்றால் ‘பிக்’ எனப்படும் உருளையை வாயு அழுத்தத்தில் ஓடவிட்டு மருந்தை மேற்கூரைக்கும் பூசலாம். அடியிலிருக்கும் திரவத்தை உறிஞ்சி உச்சியில் பீச்சும் பிக்குகளும் வந்துவிட்டன. காந்தப்புலம் கொண்டு சுவரின் தடிமனை அளந்துகொண்டே போகும் பிக்குகள்தான் கணிப்பு சரியா தவறா என்பதற்குக் கடைசிச் சாட்சி.

ஹைட்ரஜன் சல்ஃபைடு வைத்து நடத்தும் சோதனைகளை நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. மூச்சுக்கருவிப் பயிற்சி பெறாதவர்களுக்கு அங்கே அனுமதியில்லை, சரியான விதிதான். அந்த வாயு இருந்தால் படலம் இரும்புச் சல்ஃபைடாக மாறும், கணக்கும் வேறாகும்.

மாணவி திரும்பவும் கணினித் திரைக்கு வந்தார். இதுவரை அந்தக் கற்பனைக் குழாய் முழுவதும் மண்ணில் புதைந்திருப்பதாக வைத்திருந்தார். இப்போது ஒன்றரைக் கிலோமீட்டரில் தொடங்கி 200 மீட்டர் தூரத்துக்கு மண்ணை எடுத்துவிட்டார். கடல் நீரோட்டம் அடிமண்ணை அரித்துக்கொண்டு போவது எங்கும் நடப்பதுதான். வழவழப்பாகச் சரிந்த கோட்டில் அந்த இடத்தில் மட்டும் ஒரு முள் எழுந்தது. முள்ளின் உச்சி 0.25க்கு மேலே வெகு உயரத்தில். முதல் ஐந்து கிலோமீட்டருக்குச் சராசரி எடுத்தால் எண் இன்னும் 0.25க்குக் கீழேதான். அந்தச் சராசரியை அறிக்கையில் போட்டுக் கையெழுத்திட்டால் குழாய் பாதுகாப்பானது என்று ஆகிவிடும்.

“கம்பெனியிலேர்ந்து வாயுவோட கலவை, அழுத்தம், வெப்பநிலை எல்லாம் தசம புள்ளியோட வருது சார். குழாய் எங்க புதைஞ்சிருக்கு, எங்க வெளியே கிடக்குன்னு கேட்டா, போட்டப்ப எடுத்த வரைபடத்தை அனுப்புவாங்க.”

“அது பழசாயிருக்குமே?”

“ஆமா. மண்ணு நகர்ந்திருக்கும்.”

வெப்பக்காப்புப் போட்ட குழாயிலும் இதே சிக்கல் உண்டு. குழாய்த் துண்டுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மீட்டர். கப்பலில் வைத்துப் பற்றவைக்கும் இணைப்புகளில் காப்பு மெலிதாகவோ இல்லாமலோ போனால், 12 மீட்டருக்கு ஒரு குளிர்வளையம் கிடைக்கும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு முள். கடலடி அளவையை ஆண்டுதோறும் எடுத்து, அரிப்புக் கணிப்பை அதோடு சேர்த்துத் திருத்த வேண்டும் என்று சட்டமே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. உயிருக்கும் கடலுக்கும் ஆபத்தான விஷயம் இது. சூத்திரத்தை மேலும் நுணுக்கமாக்குவதைவிட அந்த அளவை அதிகம் காப்பாற்றும்.

அந்த 200 மீட்டரைக் கல்கொட்டி மூடிவிட்டால் தீர்ந்ததா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மூடிக் காட்டினார். முள் மறைந்தது. ஆனால் வாயு அங்கே இழக்க வேண்டிய வெப்பத்தை இழக்காமல், நீராவியோடு முன்னே போனது. நான்காவது கிலோமீட்டரில் இன்னொரு துண்டைத் திறந்து காட்டினார். முதல் துண்டு திறந்திருந்தால் கோட்டுக்குக் கீழே கிடந்திருக்கும் அதன் எண் இப்போது 0.25ஐத் தாண்டி நின்றது. அதையும் மூடினால் என்னாகும் என்று பார்க்க, அவர் எண்களை மாற்றத் தொடங்கினார்.